பாடசாலையில் அரசியலமைப்பு கட்டாயம் என்றால்: எந்த யாப்பு, எந்த மொழி, எந்தக் கேள்வி?

2018 ஒக்டோபர் 26ஆம் திகதி இரவு, இலங்கையில் பிரதமர் மாற்றப்பட்டதாகச் செய்தி வந்தது. நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. டிசம்பர் 13ஆம் திகதி, அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஏழு நீதியரசர்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2022 ஜூலையில் சனாதிபதி நாட்டை விட்டுப் போனார். அடுத்தவரை மக்கள் அல்ல, பாராளுமன்றமே வாக்களித்துத் தெரிவுசெய்தது. அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரை, 40ஆம் உறுப்புரை என்று தொலைக்காட்சியில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது பாடமும் சித்தியடைந்த பெரியவர்கள்கூட, “இப்படிச் செய்ய இவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதா?” என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அரசியலமைப்பைப் பாடசாலையில் கட்டாயப் பாடமாக்க வேண்டும்” என்ற கோரிக்கை இப்படியான வேளைகளில்தான் வலுக்கிறது. 2025 ஜூலையில் கல்விச் சீர்திருத்தத் திட்டம் வெளியாகி, வரலாறு கட்டாயப் பாடமாக இருக்குமா, விருப்பப் பாடமாகுமா என்ற வாதம் கிளம்பியபோதும் இந்தக் கோரிக்கை கூடவே வந்தது. ஆனால் எந்தப் பாடம் கட்டாயம் என்பது ஒரு கேள்வி. அந்தப் பாடத்தில் மாணவர் எதை வாசிக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. முதலாவதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இரண்டாவதுதான் கனமானது என்பது என் கணிப்பு.

சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்

குடியியற் கல்வி என்பது ஆட்சி எப்படி நடக்கிறது, குடிமக்களின் உரிமையும் கடமையும் எவை என்று சொல்லித்தரும் பாடம். அரசியலமைப்பு என்பது அரசாங்கமே தன் அதிகாரத்தைப் பெறுகிற சட்டம்; யாப்பு என்பதும் அதுவே. அதன் எண்ணிட்ட ஒவ்வொரு பகுதியும் உறுப்புரை. அடித்தள ஆவணங்கள் என்பது இன்னும் அகலமானது: இன்றைய அரசியலமைப்போடு, அதற்கு முன்னிருந்த யாப்புகள், உடன்படிக்கைகள், பிரகடனங்கள் எல்லாம் அதில் அடங்கும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு குறிப்பு: இலங்கையில் உயர் நீதிமன்றம் என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றம். மேன்முறையீட்டு நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் அதற்குக் கீழுள்ளவை.

இப்போது வகுப்பறையில் என்ன இருக்கிறது?

தரம் 6 முதல் 9 வரை எல்லா மாணவரும் குடியியலை ஏதோ ஒரு வடிவில் படிக்கிறார்கள். தரம் 10இல் நிலைமை மாறுகிறது. இதுவரை நடைமுறையில் இருந்துவரும் சாதாரண தர அமைப்பில் சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் கட்டாயம். மீதி மூன்றும் தொகுதிப் பாடங்கள். குடியியல் முதலாம் தொகுதியில் இருக்கிறது. வணிகக் கல்வியும் கணக்கீடும், புவியியல், இரண்டாம் மொழி போன்றவையும் அதே தொகுதியில்தான். ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும். உயர் தரத்தில் வர்த்தகப் பிரிவுக்குப் போக நினைக்கும் பிள்ளை எதை எடுக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

உயர் தரத்தில் அரசியல் விஞ்ஞானம் இருக்கிறது. அரசியலமைப்பு அங்கே விரிவாகவே வருகிறது, ஆனால் அதைப் பெரும்பாலும் கலைப்பிரிவு மாணவர்களே எடுக்கிறார்கள். ஆக, தரம் 10இல் குடியியலை எடுக்காமல் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ போகும் பிள்ளை அரசியலமைப்பு என்ற பாடத்தைக் கடைசியாகக் காண்பது பதினான்கு வயதில். வாக்குரிமை கிடைப்பது பதினெட்டில். இடைப்பட்ட நான்கு வருடத்தில் ஓர் உறுப்புரையையாவது மூலத்தில் வாசிக்கும் வாய்ப்பு அவருக்கு அரிது.

வெளிநாடுகளில் மூன்று வழிகள்

1. ஓதல். இந்தியாவில் மத்திய அரசின் பாடநூல்களின் தொடக்கத்தில் அரசியலமைப்பின் முகவுரை அச்சிடப்படுகிறது. 2023இல் கர்நாடகம் பாடசாலைகளில் முகவுரை வாசிப்பதைக் கட்டாயமாக்கியது. செலவு குறைவு, எல்லோரையும் போய்ச் சேரும். ஆனால் காலைக் கூட்டத்தில் ஒருமித்துச் சொல்லும் எதுவும் சில வாரத்தில் காதுக்குப் பழகி, கருத்துக்கு எட்டாமல் போய்விடும்.

2. வினாவிடை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலம் 2015இல் ஒரு சட்டம் இயற்றியது. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர்களுக்கான பரீட்சையில் அப்போதிருந்த 100 கேள்விகளில் 60க்குச் சரியாக விடை சொன்னால்தான் உயர் பாடசாலையை முடித்ததாகக் கொள்ளப்படும் என்பது அதன் அன்றைய விதி. அந்த நாட்டில் இப்படிச் செய்த முதல் மாநிலம் அதுவே.

3. மூலத்தை வாசித்தல். தென் கரோலினா 2021இல் இயற்றிய சட்டப்படி, அரச பல்கலைக்கழக மாணவர்கள் அமெரிக்க அரசியலமைப்பு, சுதந்திரப் பிரகடனம், அடிமைகளின் விடுதலைப் பிரகடனம், அந்த அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட பெடரலிஸ்ட் கட்டுரைகளில் குறைந்தது ஐந்து, ஆபிரிக்க அமெரிக்கரின் போராட்டத்துக்கு அடித்தளமான ஆவணம் ஒன்று ஆகியவற்றை வாசிக்க வேண்டும்.

மூன்றாவது பட்டியலின் கடைசி இரண்டு வகைகளையும் கவனியுங்கள். நாட்டை நிறுவியவர்கள் எழுதியவற்றோடு, நிறுவியபோது வெளியே நிறுத்தப்பட்டவர்களின் ஆவணமும் அதில் இருக்கிறது. இலங்கைக்கு நேராகப் பொருந்துவது இந்த இடம்தான்.

எந்த ஆவணம்? இங்கேதான் சிக்கல்

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு வாங்குகிறவர் கையிலுள்ள உறுதிப் பத்திரத்தை மட்டும் பார்த்துக் காசைக் கொடுத்துவிடுவதில்லை. நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்து உறுதிகளைப் புரட்டி, யார் யாருக்கு எழுதினார், யாருடைய பங்கு விடுபட்டிருக்கிறது என்று பார்த்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து. அரசியலமைப்பையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும். சுதந்திர இலங்கைக்கு மூன்று யாப்புகள்; ஒவ்வொன்றிலும் யாருடையதோ பங்கு விடுபட்டிருக்கிறது.

*1. சோல்பரி யாப்பு.* 1946இல் பிரித்தானிய முடியின் கட்டளையாகப் பிறந்தது. 1972 வரை நடைமுறையில் இருந்தது. அடிப்படை உரிமைகள் என்று தனி அத்தியாயம் அதில் கிடையாது. அதற்குப் பதிலாக 29ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு இருந்தது. ஓர் இனத்தவருக்கோ மதத்தவருக்கோ மட்டும் பாதகம் சுமத்தும் சட்டத்தையோ, அவர்களுக்கு மட்டும் சலுகை தரும் சட்டத்தையோ பாராளுமன்றம் இயற்ற முடியாது என்பது அதன் சாரம்.

அந்தக் காவல் எப்படி வேலை செய்தது? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் 1949இன் தேர்தல் திருத்தச் சட்டமும் சேர்ந்து, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரின் வாக்கைப் பறித்தன. வழக்கு, அக்காலத்தில் இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு நீதிமன்றமாக லண்டனில் இருந்த கோமறைக் கழகம் வரை போனது. கோடாக்கன் பிள்ளை வழக்கு என்று அதைச் சொல்வார்கள். தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது எந்த அரசுக்கும் உரியது, சட்டத்தின் வாசகத்தில் எந்த இனத்தின் பெயரும் இல்லை என்ற வழியில் 1953இல் வழக்கு தோற்றது. வாசகத்தில் பெயர் இல்லை என்பது உண்மை. பாதிக்கப்பட்டவர்கள் யார் என்பதும் தோட்டத்து லயன்களில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. சட்டத்தின் எழுத்துக்கும் அதன் விளைவுக்கும் உள்ள தூரத்தை தரம் 10 மாணவர் ஒருவருக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு வழக்கு கொழும்பில் தொடங்கியது. கோடீஸ்வரன் என்ற தமிழ் அரச ஊழியருக்கு, சிங்களப் பரீட்சையில் சித்தியடையாததால் சம்பள உயர்வு மறுக்கப்பட்டது. 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்று அவர் வழக்குத் தொடுத்தார். 1964இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அரச ஊழியர் சம்பளத்துக்காக வழக்குத் தொடர முடியாது என்று சொல்லி உயர் நீதிமன்றம் அதை மாற்றியது. முடியும் என்று 1969இல் கோமறைக் கழகம் சொன்னது. ஆனால் மொழிச் சட்டம் செல்லுமா செல்லாதா என்ற மூலக் கேள்வியை இலங்கை நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பியது. அதற்கு விடை வரவேயில்லை. 1972இல் யாப்பே மாறிவிட்டது.

*2. முதலாம் குடியரசு யாப்பு.* 1972 மே 22. இதை ஆக்கிய அரசியல் நிர்ணய சபை கூடியது கொழும்பு ரோயல் கல்லூரியின் நவரங்கஹல மண்டபத்தில். நாடு தன் யாப்பைத் தானே எழுதிய இடம் ஒரு பாடசாலை மண்டபம் என்பதை, அந்த வீதியால் தினமும் போய்வரும் எத்தனை மாணவர் அறிவார்கள்? பிரித்தானிய முடியோடு இருந்த கடைசிக் கயிறும் அங்கே அறுந்தது. அடிப்படை உரிமைகள் முதன்முறையாக எழுத்தில் வந்தன. அதே யாப்பில் 29(2) காணாமற்போனது. பௌத்தத்துக்கு முதன்மை இடமும், சிங்களமே அரசகரும மொழி என்பதும் யாப்பின் அந்தஸ்தைப் பெற்றன. மொழி பற்றிய தீர்மானத்தில் தங்கள் திருத்தம் ஏற்கப்படாததால் தமிழரசுக் கட்சி 1971 ஜூனிலேயே சபையை விட்டு வெளியேறியிருந்தது.

*3. இரண்டாம் குடியரசு யாப்பு.* 1978 செப்டெம்பர் 7 முதல் இன்றுவரை. நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதி இதனூடாகவே நிலைபெற்றார். பலமுறை திருத்தப்பட்டுவிட்டது. திருத்தங்களின் எண்ணே வாசகரைக் குழப்பும்: 2022இல் 22ஆம் திருத்தச் சட்டமூலம் என்ற பெயரில் விவாதிக்கப்பட்டது, நிறைவேறியபின் 21ஆம் திருத்தமாகச் சான்றுப்படுத்தப்பட்டது. இரண்டும் ஒன்றே.

இந்த யாப்பின் 14ஆம் உறுப்புரையில் பேச்சு, ஒன்றுகூடல், தொழில், நடமாட்டம் ஆகிய சுதந்திரங்கள் பிரசைகளுக்கு உரியவை. அதன் 2ஆம் பந்தி பெரும்பாலானோர் கண்ணில் படாதது. வேறெந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாமல் இங்கே சட்டபூர்வமாக நிரந்தரமாக வாழ்பவருக்கு, யாப்பு தொடங்கியதிலிருந்து பத்து வருடத்துக்கு அந்தச் சுதந்திரங்கள் உண்டு என்கிறது அது. யார் அவர்கள்? 1948இல் வெளியே தள்ளப்பட்டவர்களும் அவர்களின் பிள்ளைகளும். முப்பது வருடத்துக்குப் பின் எழுதிய யாப்புக்குள்ளும் அந்தச் சட்டத்தின் தழும்பு இருக்கிறது. மூன்று ஆவணங்களையும் சேர்த்து வாசிக்காதவருக்கு அந்தப் பந்தி ஏதோ சட்ட நுணுக்கமாகவே தோன்றும்.

ஓர் ‘உம்’

18ஆம் உறுப்புரையை எடுத்துக்கொள்வோம். முதலாம் பந்தி, இலங்கையின் அரசகரும மொழி சிங்களம் என்கிறது. இரண்டாம் பந்தி, தமிழும் ஓர் அரசகரும மொழி என்கிறது.

இரண்டும் சமம் என்றால் “சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள்” என்று ஒரே வரியில் எழுதியிருக்கலாமே? விடை வரலாற்றில் இருக்கிறது. 1978இல் முதல் வரி மட்டுமே இருந்தது. இரண்டாவது, 1987 நவம்பரில் 13ஆம் திருத்தத்தோடு ஒட்டப்பட்டது. அந்த ‘உம்’ ஒரு தையல் அடையாளம். அதை விரல் வைத்துக் காட்டினால் மாணவர் மறக்க மாட்டார்.

அடுத்த படிக்குப் போகலாம். எந்த உறுப்புரைகளை மாற்ற மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, மக்கள் தீர்ப்பும் வேண்டும் என்று 83ஆம் உறுப்புரை பட்டியலிடுகிறது. அதில் பௌத்தம் பற்றிய 9 இருக்கிறது; சிந்தனைச் சுதந்திரம் பற்றிய 10, சித்திரவதைக்கு எதிரான 11 ஆகியவை இருக்கின்றன. சமத்துவம் பற்றிய 12 அந்தப் பட்டியலில் இல்லை. மொழி பற்றிய 18உம் இல்லை. இதை நல்லது கெட்டது என்று ஆசிரியர் சொல்லத் தேவையில்லை. பட்டியலைக் கரும்பலகையில் எழுதி, விடுபட்ட எண்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால் போதும்.

3ஆம் உறுப்புரை, இறைமை மக்களுக்கு உரியது, பராதீனப்படுத்த முடியாதது என்கிறது. பராதீனம் என்பது காணி உறுதிகளில் புழங்கும் சொல். ஒருவர் தன் சொத்தை விற்றோ எழுதிக்கொடுத்தோ இன்னொருவர் பெயருக்கு மாற்றுவது. மக்கள் தங்கள் இறைமையை யாருக்கும் எழுதிக்கொடுக்க முடியாது. வாக்களித்துத் தெரிவுசெய்தவரிடம்கூட அதை விற்றதாகாது, பயன்படுத்தக் கொடுத்ததாகவே ஆகும். 2022இல் காலிமுகத்திடலில் மக்கள் 3ஆம், 4ஆம் உறுப்புரைகளைத் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு இதுதான் காரணம்.

தமிழ்ப் பிரதியின் நிலை

நம் பாராளுமன்றம் இயற்றும் சட்டங்களின் கடைசியில் வழமையாக ஒரு வாசகம் வரும்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் முரண்பாடு இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும். அரசியலமைப்பின் சிங்கள, ஆங்கில வாசகங்கள் வேறுபடுகின்றன என்ற வாதம் 2018 நெருக்கடியின்போது பகிரங்கமாகவே எழுந்தது. ஆக, தமிழ் மொழிமூல மாணவர் தமிழ்ப் பிரதியை மட்டும் படித்தால் முழு விபரமும் கிடைக்காது.

தமிழ்ப் பிரதியின் நடையும் லேசானதல்ல. “ஆதல் வேண்டும்”, “ஏற்புடையதாகாது” என்று நீளும் வாக்கியங்களில் எழுவாயைத் தேடிப்பிடிக்கவே பயிற்சி வேண்டும். நடையை இளக்கிச் சுருக்கம் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். சுருக்கத்தில் அந்த ‘உம்’ காணாமற்போய்விடும். கடினமான வாசகத்தை அப்படியே கொடுத்து, பக்கத்தில் விளக்கமும், அதற்குப் பக்கத்தில் சிங்கள வரியும் அச்சிடுவதே சரி. தரம் 6 முதல் 9 வரை படித்த இரண்டாம் மொழிச் சிங்களத்துக்கு அங்கே உண்மையான வேலையும் கிடைக்கும்.

எதிர்வாதங்கள்

பாடச்சுமை கூடிவிடும் என்பது முதலாவது. 3, 4, 9 முதல் 22 வரை, 83, 126: இவ்வளவும் வாசித்தால் ஒரு தவணைக்குப் போதும். வரலாற்றுப் பாடத்துக்குள்ளேயே வைக்கலாம். புதிய பாடம் வேண்டியதில்லை.

வகுப்பறைக்குள் அரசியல் வந்துவிடும் என்பது இரண்டாவது. இது நியாயமான பயம். அரச பாடசாலை ஆசிரியர் அரச ஊழியர். பிரிவினையை ஆதரிக்க மாட்டேன் என்று 1983இன் 6ஆம் திருத்தம் கொண்டுவந்த சத்தியப்பிரமாணம் அவருக்கும் பொருந்தும். 29(2) ஏன் நீங்கியது என்று மாணவர் கேட்டால், வாய் திறந்து பதில் சொல்ல அவர் தயங்குவார். அவரைத் தனியே விட்டுவிட்டுப் பாடத்தை மட்டும் கட்டாயமாக்குவது அநீதி. பழைய யாப்புகளின் பகுதிகளும் வழக்குகளின் சுருக்கமும் கல்வியமைச்சின் பாடநூலிலேயே அச்சாகியிருந்தால், ஆசிரியர் தன் கருத்தைச் சொல்கிறார் என்று யாரும் விரல் நீட்ட முடியாது. அந்தப் பக்கமே அவருக்குக் கேடயம்.

மூன்றாவது, மனப்பாடம். எந்தக் கட்டாயப் பாடமும் பரீட்சைக்கு முந்தின வாரம் ரியூஷன் குறிப்பாகச் சுருங்கிவிடும் என்பார்கள். கேள்வி எப்படியோ படிப்பும் அப்படி. அதைக் கடைசியில் பார்ப்போம்.

தெரியாமல் போனால் என்ன நட்டம்?

அடிப்படை உரிமை மீறப்பட்டால் 17ஆம், 126ஆம் உறுப்புரைகளின்படி நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் கால எல்லை ஒரு மாதம். மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. இது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் தரும் வசதி. இந்த இரண்டு விபரமும் தெரியாதவருக்கு உரிமை ஏட்டில் மட்டும்தான். பொலிஸ் நிலையத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்து முடிக்கவே ஒரு மாதம் போய்விடும்.

2021இல் உயர் நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு மாணவருக்கு மிக நெருக்கமானது. ஆசிரியர் அறைந்ததில் ஒரு மாணவனின் செவி பாதிக்கப்பட்டது. அது 11ஆம் உறுப்புரையின் மீறல் என்று நீதிமன்றம் கண்டது. கொடூரமான, இழிவான நடத்துகைக்கு எதிரான அந்த உறுப்புரை பொலிஸ் காவலுக்கு மட்டும் உரியது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். பாடசாலைக்குள்ளும் அது செல்லும்.

11ஆம், 13ஆம் உறுப்புரைகளும் 12ஆம் உறுப்புரையின் முதலாம் பந்தியும் ‘ஆள்’ எவருக்கும் உரியவை. 14ஆம் உறுப்புரை ‘பிரசை’க்கு உரியது. தகவல் பெறும் உரிமையான 14அ, 2015இன் 19ஆம் திருத்தத்தால் வந்தது. அதற்கான 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பாடசாலை அனுமதி எந்த அடிப்படையில் நடந்தது என்று ஒரு பெற்றோர் எழுத்தில் கேட்கலாம் என்றால், அந்தக் கேள்வியின் வேர் இங்கே இருக்கிறது.

கேள்வித்தாள்

கட்டாயமாக்குவது பயன்தருமா என்பதைக் கடைசியில் தீர்மானிப்பது பரீட்சைத் தாள். இரண்டு மாதிரிகளைப் பாருங்கள். இரண்டும் விளக்கத்துக்காக இங்கே ஆக்கியவை.

அ. “இலங்கையின் முதலாம் குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்த ஆண்டு எது?”

ஆ. “சோல்பரி யாப்பின் 29(2)உம், இன்றைய யாப்பின் 12ஆம் உறுப்புரையும் கீழே தரப்பட்டுள்ளன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இன்று இயற்றப்பட்டால் எந்த வாசகத்தின் கீழ் அதை எதிர்ப்பது எளிது? வாசகத்திலிருந்தே காரணம் காட்டுக.”

முதலாவதற்கு நான்கு இலக்கம் போதும். இரண்டாவதற்கு மனப்பாடக் குறிப்பு உதவாது. வாசகம் தாளிலேயே இருக்கிறது, வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 12ஆம் உறுப்புரை என்று எழுதும் பிள்ளை, அது 83ஆம் உறுப்புரையின் பட்டியலில் இல்லை என்பதையும் கவனித்தால் அதற்குத் தனிப் புள்ளி கொடுக்கலாம். 29(2) என்று எழுதும் பிள்ளை 1953இன் தீர்ப்புக்குப் பதில் சொல்லியாக வேண்டும். இரண்டு விடைக்கும் முழுப் புள்ளி பெற வழியிருக்கிறது. அதைத் திருத்தத் தெரிந்த ஆசிரியர்களைத் தயார்படுத்த, மஹரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் பாடநூல் அச்சாவதற்கு ஒரு வருடம் முன்னதாகவே பயிற்சியைத் தொடங்க வேண்டியிருக்கும்.